கார் கொட்டகையில் ஒரு பணியறை

2020 மார்ச்சு 25 ஆம் நாள் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது, அலுவலகங்கள் பல இல்லங்களுக்குள் குடிபுகுந்தன. ஊரடங்கு நீங்கிய பின்னரும் அவற்றுள் ஒரு பகுதி திரும்பிப் போகவில்லை. கணக்கர், மொழிபெயர்ப்பாளர், கணினிப் பொறியாளர், இணைய வழியே பாடம் சொல்லும் ஆசிரியை எனப் பலரும் இன்று படுக்கையறையின் மூலையிலோ உணவு மேசையின் ஓரத்திலோ அமர்ந்து ஊதியம் ஈட்டுகின்றனர். அவர்கள் தொலைபேசியில் பேசும்போது குழந்தை அழக்கூடாது. பாட்டி செபமாலையை உரக்கச் சொல்லக்கூடாது. அடுக்களையில் மிக்சி ஓடக்கூடாது. ஒருவருடைய உழைப்புக்காக வீடு முழுவதும் வாய் பொத்தி நிற்கும் நிலை நீடிக்குமாயின், இல்லத்தில் எரிச்சல் மூளுவது இயல்பே.

இத்தகைய இல்லம் ஒன்றிலிருந்து வாசகச் சகோதரி ஒருவர் நமக்கு எழுதியுள்ளார். அவர்கள் வீட்டின் பக்கத்தில், சில அடி இடைவெளி விட்டு, கார் கொட்டகை ஒன்று தனியே நிற்கிறது. நீளம் இருபதடி, அகலம் பன்னிரண்டடி. மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். காரை விற்று ஆண்டுகள் சில ஆகிவிட்டன. இப்போது இரண்டு ஸ்கூட்டர்களும், உடைந்த நாற்காலிகளும், கிறிஸ்துமஸ் குடில் பெட்டிகளுமே அங்கு உள்ளன. அதில் பாதியைத் தடுத்துத் தம் கணவருக்குப் பணியறையாக்கலாமா என்பது அவரது வினா.

ஆக்கலாம், நல்ல எண்ணமே. ஆனால் கார் கொட்டகை மனிதனை எண்ணிக் கட்டப்பட்டதன்று என்பதை முதலில் மனத்திற்கொள்ள வேண்டும். காருக்கு வியர்ப்பதில்லை, மூச்சு முட்டுவதில்லை, ஈரத் தரையில் கால் வைத்து அது எட்டு மணி நேரம் அமர்ந்திருப்பதுமில்லை. மேசை, நாற்காலி, குளிர்சாதனம் ஆகியவற்றின் விலையை விசாரிப்பதற்கு முன்னால் கூரை, சுவர், தரை, மின்கம்பி ஆகிய நான்கையும் நோக்க வேண்டும். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகவே செய்கின்றனர்.

ஆங்கில நாடகாசிரியர் பெர்னார்டு ஷா, அயட் செயின்ட் லாரன்ஸ் என்னும் சிற்றூரில், தம் தோட்டத்துச் சிறு குடிலில் அமர்ந்து எழுதி வந்தார். சுழலும் அமைப்பின்மேல் நின்றமையால் அதனை வெயிலை நோக்கித் திருப்பிக்கொள்ள முடிந்தது. அதற்கு ‘லண்டன்’ என்று பெயரும் சூட்டியிருந்தாராம். காண வருவோரிடம் “அவர் லண்டனில் இருக்கிறார்” என்று வீட்டார் கூசாமல் சொல்லி அனுப்பலாம் அல்லவா! குளிர் நாட்டுக்காரர் வெயிலைத் தேடித் திருப்பினார். நாமோ சித்திரை வெயிலிலிருந்து தப்பும் வழியைத் தேட வேண்டியிருக்கிறது.

ஆகவே கூரையிலிருந்தே தொடங்குவோம். ஆஸ்பெஸ்டாஸ் என்பது கல்நார். அதன் எல்லா வகைகளும் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. ஆஸ்திரேலியா 2003 இறுதியிலும், ஐரோப்பிய ஒன்றியம் 2005 இலும் இதனை முற்றிலும் தடை செய்தன. நம் நாட்டில் கல்நார் கலந்த சிமெண்டு ஷீட்டுகள் இன்னமும் விற்பனையில் உள்ளன. அசையாமல், உடையாமல் கிடக்கும் ஷீட்டினால் பெரிய ஆபத்து இல்லை. அதனை அறுக்கும்போதும், துளையிடும்போதும், உடைக்கும்போதும், கம்பித் தூரிகையால் தேய்க்கும்போதும் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிழைகள் காற்றில் பறக்கின்றன. அவை நுரையீரலில் தங்கினால் நோய் வெளிப்பட இருபது, முப்பது ஆண்டுகள்கூட ஆகலாம். அப்போது எவரும் அந்தக் கொட்டகையை நினைத்துப் பார்க்கமாட்டார்கள்.

கல்நார் கலவாத சிமெண்டு ஷீட்டுகளும் உண்டு. ஆனால் பழைய ஷீட்டைக் கண்ணால் பார்த்து இன்னதென்று கூற இயலாது. ஆதலின் கல்நார் உள்ளதாகவே கொண்டு நடப்பது நலம். மின்விசிறிக்காகவோ விளக்குக்காகவோ அதில் துளையிட வேண்டாம். ஷீட் முழுமையாக இருந்தால் அதனை அப்படியே விட்டு, அதற்குக் கீழே, சுவரிலிருந்து சட்டம் கொடுத்து, ஜிப்சம் பலகையால் உட்கூரை அமைக்கலாம். இரண்டுக்கும் நடுவே ஓரடி இடைவெளி இருக்கட்டும். அந்த இடைவெளியில் தேங்கும் சூடான காற்று வெளியேறும்படி இரு கோடியிலும் வலையிட்ட திறப்புகள் வேண்டும். தெர்மோகோல் மலிவு என்று அதனை ஒட்டுவோர் பலர். அது எளிதில் தீப்பற்றி நச்சுப் புகை கக்கும் பொருள். மின்கம்பி செல்லும் கூரைக்கடியில் அது வேண்டாம் என்பதே நம் கருத்து.

ஷீட் விரிசல் கண்டிருந்தால், மாற்றுவதே முறை. கையிருப்பு இடங்கொடுத்தால், நடுவில் வெப்பந்தடுக்கும் நுரை வைத்த இரும்புத் தகடுகள் கிடைக்கின்றன. பழையதைக் கழற்றும்போது தண்ணீர் தெளித்து நனைத்து, முழு ஷீட்டாகவே இறக்க வேண்டும். உடைத்துத் தள்ளக்கூடாது. வேலை செய்வோர் வெறும் துணியை மூக்கில் கட்டிக்கொண்டால் போதாது; நுண்தூசியைத் தடுக்கும் முகக்கவசத்தை நாமே வாங்கித் தர வேண்டும். கூலிக்கு வருகிறவரின் நுரையீரலும் நுரையீரல்தானே! அன்று குழந்தைகளை உறவினர் வீட்டுக்கு அனுப்பி வையுங்கள்.

அடுத்து, குறுக்குச் சுவர். இருபதடியில் பத்தடியை எடுத்தால் பத்துக்குப் பன்னிரண்டு, அதாவது 120 சதுர அடி கிடைக்கும். ஒருவர் பணிபுரிய இது தாராளம். கார் இன்னமும் நிற்கும் இல்லங்களுக்கு இக்கணக்கு பொருந்தாது. நான்கு மீட்டருக்கு உட்பட்ட சிறு கார்கூடப் பதின்மூன்றடியை எடுத்துக்கொள்ளும்; முன்னும் பின்னும் நடமாட இடம் விட்டால் எஞ்சுவது அறையன்று, அலமாரி. அத்தகையோர் இம்முயற்சியைக் கைவிடுவதே மேல்.

வாயிலருகே உள்ள பாதியை ஸ்கூட்டர்களுக்கு விட்டு, உட்பாதியை அறையாக்குக. தரை வாயிலை நோக்கிச் சரிந்திருப்பதால் உட்பாதியே மேடு. தெரு இரைச்சலும் அங்கே குறைவு. நடுச்சுவர் கூரை வரை முழுமையாக எழும்ப வேண்டும். ஷீட்டின் நெளிவுகளுக்கு அடியில் உள்ள சந்துகளையும் சாந்து கொண்டு அடைத்துவிடுக. உட்கூரைக்கு மேலேயும் இவ்வடைப்பு தொடர வேண்டும். இதனை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பெட்ரோல் இயந்திரத்தின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலியும் மயக்கமும் வந்த பிறகே மனிதன் உணர்கிறான், சில வேளை உணராமலே போகிறான். எனவே அச்சுவரில் கதவோ சன்னலோ வைக்க வேண்டாம். ஸ்கூட்டரை வெளியே தள்ளிக்கொண்டு வந்த பின்னரே இயக்குவதை வீட்டில் அனைவரும் வழக்கமாக்கிக்கொள்ளட்டும். ஜெனரேட்டர் வைத்திருப்போர் எக்காரணம் கொண்டும் அதைக் கொட்டகைக்குள் ஓட்டலாகாது. இன்வெர்ட்டர் பேட்டரியும் மேசைக்கடியில் இருக்க வேண்டிய பொருளன்று. மின்னேற்றத்தின்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். காற்றோட்டமான வெளிப்பாதியே அதற்குரிய இடம்.

அறையின் கதவு வீட்டை நோக்கி, பக்கச் சுவரில் அமையட்டும். கொட்டகைகள் பெரும்பாலும் மதிலை ஒட்டியே நிற்பதால் அப்பக்கம் சன்னலுக்கு இடமிராது. முற்றத்துப் பக்கம் ஒன்றும் பின்சுவரில் ஒன்றுமாக வைத்தால் காற்று ஊடாடும். கணினித் திரைக்கு நேர் எதிரிலோ பின்புறத்திலோ சன்னல் இருந்தால் கண் கூசும். பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி மேசையைப் போடுக. மேற்குச் சுவர் நாலரை அங்குலத்ததாயின் பிற்பகலில் அடுப்புப்போல் காயும். அதன் வெளிப்புறத்தில் ஒரு கொடிப்பந்தல் போட்டால் செலவும் குறைவு, கண்ணுக்கும் இதம்.

மின்சாரத்தில் சிக்கனம் கூடாது. கொட்டகைக்கு ஒரு பல்புக்காக இழுத்த பழைய ஒயரில் கணினியையும் குளிர்சாதனத்தையும் இணைப்பவர் தீயை விலைக்கு வாங்குகிறார். வீட்டின் மெயின் பலகையிலிருந்து தனி இணைப்பு, மண்ணுக்கடியில் குழாய் வழியே செல்லும் கேபிள், முறையான எர்த், 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஆகியவை இன்றியமையாதவை. அதே பள்ளத்தில், மின்குழாயிலிருந்து சற்று விலக்கி, இணையக் கேபிளுக்கு வேறொரு குழாயும் பதித்துவிடுக. இரண்டு சுவர் தாண்டிய வைஃபையை நம்பி வேலை செய்ய இயலாது.

தமிழ்நாட்டு மின்கட்டண விதிகளில், தொழில் வல்லுநர் தம் இல்லத்தை ஒட்டி வைத்துக்கொள்ளும் 200 சதுர அடிக்கு மேற்படாத ஆலோசனை அறை வீட்டுக் கட்டணப் பிரிவிலேயே சேர்க்கப்பட்டுள்ளது. எனினும் ஆட்கள் வந்துபோகும் அலுவலகமாக அது வளருமாயின், மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது பின்னால் வரும் தொல்லையைத் தவிர்க்கும். அவ்வாறே, அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் ஊர்தி நிறுத்துமிடம் என்று காட்டப்பட்டிருப்பின், 2019 ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளை அறிந்த பொறியாளர் ஒருவரிடம் வரைபடத்தைக் காட்டிய பின்னரே செங்கல் இறக்குக.

இவ்வளவும் கட்டடத்தைப் பற்றியவை. சகோதரியிடம் நாம் கேட்க விரும்புவது வேறொன்று. அவ்வறை கணவருக்கு மட்டுமா? கடிதத்தின் கடைசியில், தாம் மாலையில் பத்துப் பிள்ளைகளுக்குத் தனிப்பாடம் சொல்லித் தருவதாகவும், மூத்த மகள் பன்னிரண்டாம் வகுப்பில் இருப்பதாகவும் போகிற போக்கில் எழுதியிருக்கிறார். குடும்பப் பணத்தில் எழும் அறை ஒருவர் பெயருக்கே எழுதப்பட வேண்டியதில்லை. மாலை ஆறு மணிக்குக் கணினி மூடப்பட்டால் அதே மேசையில் மகள் படிக்கலாம். அவ்வாறு மூடப்படுவதற்கும் இது உதவும்! படுக்கையறையில் வேலை செய்பவருக்கு வேலை முடிவதே இல்லை. கொட்டகையில் வேலை செய்பவரோ கதவைப் பூட்டி, முற்றத்தைக் கடந்து வீட்டுக்கு வருகிறார். அச்சிறு நடைக்காகவே இச்செலவைச் செய்யலாம் என்று நாம் எண்ணுகிறோம். அறைக்குள் கழிப்பறை வேண்டும் என்று யாரேனும் யோசனை கூறினால் ஏற்காதீர்கள். நாளில் நாலைந்து முறை அவர் வீட்டுக்குள் வந்து போவது நல்லது. பெற்றோர் முதியவராயிருப்பின் மிக நல்லது.

எப்போது தொடங்குவது என்றும் கேட்டிருக்கிறார். ஐப்பசி, கார்த்திகை மழை ஒருமுறை கொட்டித் தீரட்டும். நீர் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று உட்சுவரில் சுண்ணக்கட்டியால் கோடு இடுங்கள். புதிய தரை அக்கோட்டுக்கு அரையடியாவது மேலே இருக்க வேண்டும். கான்கிரீட்டுக்கடியில் பாலித்தீன் விரிப்பும் கறையான் மருந்தும் இடப்பட வேண்டும். எண்ணெய்க் கறை படிந்த பழைய தளத்தின்மேல் அப்படியே டைல்ஸ் ஒட்டினால் பெயர்ந்துவிடும் என்பதைக் கொத்தனாருக்கு நினைவூட்டுங்கள். தை பிறந்ததும் அவரை வரச் சொன்னால், கோடை முற்றுமுன் சுவர் உலர்ந்துவிடும்.