பார்சலும் தபால்காரரின் பையும்

இணையத்தில் 300 ரூபாய்க்கு ஒரு சேலை வாங்குகிறோம். கிடங்கிலிருந்து பக்கத்து நகரம் வரை அது நூற்றுக்கணக்கான பார்சல்களோடு ஒரே லாரியில் வந்துவிடும். லாரிச் செலவை எல்லாப் பார்சல்களும் பங்கிட்டுக்கொள்ளும். அங்கிருந்து நம் வாசலுக்கு வருவதுதான் சிக்கல். விநியோகத் தொழிலில் இதற்குக் ‘கடைசி மைல்’ என்று பெயர். பார்சல் தனித்தனியாகப் பிரிவதும் செலவு ஏறுவதும் இங்கேதான்.

கடைசி மைல் செலவு தூரத்தை மட்டும் பொறுத்ததில்லை. ஒரு சுற்றில் எத்தனை பார்சல் என்பதே முக்கியம். அடுக்குமாடிக் குடியிருப்பில் வண்டியை ஒருமுறை நிறுத்தினால் பத்துப் பார்சல் கொடுத்துவிடலாம். மலையடிவாரக் கிராமத்துக்கு ஒன்றே ஒன்றோடு போனால் பெட்ரோலும் கூலியும் அந்த ஒன்றின் தலையில் விழும். சில பின்கோடுகளுக்கு ‘டெலிவரி இல்லை’ என்று திரையில் வருவது இந்தக் கணக்கால்தான்.

இந்திய அஞ்சல் துறையின் கணக்கு வேறு. அதற்கு ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான அஞ்சலகங்கள் உண்டு. ஏறத்தாழ 90 சதவீதம் கிராமப்புறத்தில் இருக்கின்றன. வங்கி நோட்டீஸோ ஆதார் அட்டையோ கொடுக்கத் தபால்காரர் எப்படியும் அந்தத் தெருவுக்குப் போகிறார். கூடவே ஒரு பார்சலையும் எடுத்துப் போக ஆகும் கூடுதல் செலவு கொஞ்சம்தான். கடிதம் குறையக் குறைய, அவருடைய சுற்றுக்கும் பார்சல் தேவைப்படுகிறது.

பொருளைக் கொடுத்துப் பணம் வாங்குவதும் அஞ்சல் துறைக்குப் புதிதில்லை. வி.பி.பி. என்னும் அஞ்சல் முறையில் புத்தகம் வாங்கியவர்களுக்கு இது தெரியும். தபால்காரர் கட்டைக் கொடுத்துப் பணம் வாங்குவார். அது மணியார்டராகப் பதிப்பகத்துக்குப் போகும். இன்றைய ‘கேஷ் ஆன் டெலிவரி’யும் அதேதான். ஆனால் இன்றைய வியாபாரி பணம் உடனே கணக்கில் ஏற வேண்டும் என்கிறார்.

இனி ஒரு கிளை அஞ்சலகத்துக்குள் போய்ப் பார்ப்போம். பல ஊர்களில் அது ஒரு வீட்டின் முன்னறை. ஒரு மேசை, ஒரு தராசு, தேதி முத்திரை. பஸ்ஸில் வந்து இறங்கிய பையை அவிழ்த்தால் கடிதங்கள் அந்த மேசையிலேயே அடங்கிவிடும். மிக்சி வந்தால் தரையில்தான் வைக்க வேண்டும். அதைக் கொண்டுபோய்க் கொடுக்கப்போகும் கிராம அஞ்சல் ஊழியரிடம் இருப்பது பெரும்பாலும் அவருடைய சொந்த சைக்கிளோ மொபெட்டோதான். அவருக்கு நாளொன்றுக்கு 4 அல்லது 5 மணி நேர வேலை. நகரங்களில் துறை ஒரு வழி கண்டிருக்கிறது. பல பின்கோடுகளின் பார்சல்களை ஒரே மையத்தில் சேர்த்து வேனில் அனுப்புகிறார்கள். கிராமத்தில் வேனுக்குக் கட்டுப்படியாகாது.

அடுத்த சிக்கல் தகவல். பார்சல் கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் அதன் பார்கோடை ஸ்கேன் செய்ய வேண்டும். ஓரிடத்தில் தவறினாலும், பத்திரமாக வந்துகொண்டிருக்கும் பார்சல் வாங்கியவருக்குக் காணாமல் போனதாகவே தெரியும். முகவரியும் இதில் சேர்ந்ததுதான். 1972-ல் வந்த பின்கோடு, பொருள் எந்த அஞ்சலகத்துக்குப் போக வேண்டும் என்று சொல்கிறது. 2025-ல் அறிமுகமான டிஜிபின் என்னும் 10 எழுத்துக் குறியீடு, ஏறத்தாழ 4 மீட்டருக்கு 4 மீட்டர் சதுரத்தையே காட்டிவிடும். ‘மாரியம்மன் கோயிலுக்கு எதிரில்’ என்பதே முகவரியாக இருக்கும் ஊர்களில் இது பெரிய உதவி.

பெருநகரங்களில் அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் ஓட்டத்தில் அஞ்சல் துறை முந்துவது கடினம் என்றே எனக்குத் தோன்றுகிறது. தனியார் வண்டி திரும்பிவிடும் இடத்திலிருந்து பார்சலை வாங்கி, ஊருக்குள் கொண்டுசேர்ப்பதே அதற்குப் பொருத்தமான வேலை. திரும்பும் வழியில் வேண்டாமென்று திருப்பி அனுப்பும் பொருளையும், உள்ளூர்த் தறிக்காரர் விற்ற சேலையையும் அதே ஊழியர் வாங்கி வரலாம். ஆனால் இந்தச் சுமையெல்லாம் அவருடைய 4 அல்லது 5 மணி நேரத்துக்குள் அடங்காது. அவருடைய வேலை நேரத்தையும் ஊதியத்தையும் வண்டிச் செலவையும் முதலில் திருத்தி எழுத வேண்டும்.