குண்டு என்று கூப்பிடாதீர்கள்!



என் தம்பி மூன்றாம் வகுப்பு படிக்கிறான். வயது 8. நம் பள்ளியில் அவனுக்குப் பேர் 'குண்டு பூசணி'. வகுப்பிலேயே உயரமும் அவன்தான். "புள்ள நல்ல வளர்த்தி, கண்ணு பட்டுரும்" என்று எங்க ஆயா வாராவாரம் சுத்திப் போடும். போன மாதம் அவன் சட்டையில் பெரிய ஆளுங்க மாதிரி வியர்வை வாடை வந்தது. அம்மா பயந்துபோய் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனாங்க. நானும் போனேன். (அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.)

டாக்டர் அம்மா விளக்கமாகச் சொன்னாங்க. சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல இருப்பது அட்ரினல் சுரப்பி. 6 முதல் 8 வயதுக்குள் அது டிஹெச்இஏ என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்க ஆரம்பிக்கும். எல்லாப் பிள்ளைகளுக்கும் இது உண்டு. ஆனால் உடல் பருமன் உள்ள பிள்ளைகளுக்கு அதிகமாகச் சுரக்கலாம். அப்போது வியர்வை வாடை, அக்குள் முடி எல்லாம் சீக்கிரம் வரும். எலும்பும் சீக்கிரம் முதிரும். அதனால் இப்போது உயரமாகத் தெரிவான், ஆனால் மற்றவர்களுக்கு முன்பே வளர்த்தி நின்றுவிடலாம். பையன்களுக்கு 9 வயதுக்கு முன்னால் இந்த மாதிரி வந்தால் வேறு காரணம் இருக்கிறதா என்று டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இதில் தம்பி மேல் என்ன தப்பு? சிப்ஸும் கலரும் வாங்கிக் கொடுத்தது நாங்கள். அழாமல் இருக்க செல்போன் கொடுத்ததும் நாங்கள். 'பூசணி' என்று முதலில் கூப்பிட்டதும் நான்தான். அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

2022-இல் உலகத்தில் 5 முதல் 19 வயதுக்குள் 16 கோடிப் பேருக்கு உடல் பருமன் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 5 முதல் 17 வயது வரை தினமும் 60 நிமிடம் ஓடியாடணும் என்றும் சொல்கிறது. பட்டினி போடக் கூடாது, வளர்கிற பிள்ளை. இனிப்புத் தண்ணியை நிறுத்தி விளையாட விடுங்க என்றுதான் டாக்டர் அம்மாவும் சொன்னாங்க.

ஆனால் அவன் ஓடினால் நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரிப்பதால் அவன் மைதானத்துக்கே வருவதில்லை. வராததால் இன்னும் குண்டாகிறான். வாரத்தில் இரண்டு பி.டி. பீரியட், அதில் ஒன்று கணக்குக்குப் போய்விடுகிறது. சார், கோவிச்சுக்காதீங்க, அதை எங்களுக்குத் திருப்பிக் கொடுங்க.

நண்பர்களே, சாயங்காலம் கபடிக்கு ஆள் குறைந்தால் என் தம்பியைக் கூப்பிடுங்கள். அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

– 9ஆம் வகுப்பு மாணவி