ஆலோசகரிடம் கேட்கக் கூச்சம் வேண்டாம்

புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வணிக நிர்வாகம் படிக்கப் போன எனக்கு, கல்வி ஆலோசகர் வெறும் கையெழுத்துப் போடுபவராகத்தான் தெரிந்தார். யாரையும் கேட்காமல் முதல் தவணையில் ஆறு பாடம் எடுத்தேன், ஒன்றில் தோற்றேன்.

நம் நாட்டு விதிப்படி ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேர உழைப்பு. மூன்று கிரெடிட் பாடத்துக்கு 120 மணி. ஆறு பாடத்துக்கு 720 மணி. இந்தக் கணக்கு எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

சிஜிபிஏ 2.00 இருந்தால் பட்டம் கிடைத்துவிடும். ஆனால், எம்.பி.ஏ. சேரப் பொதுவாக 2.50 வேண்டும், குறைந்தால் வேலை அனுபவம் கேட்பார்கள். முதல் தவணையில் சறுக்கினால் அது மேற்படிப்பு வரை துரத்தும்.

படித்த அண்ணன், அக்கா உள்ள வீட்டில் இதைச் சொல்லித் தருவார்கள். செம்பனைத் தோட்டத்தில் உழைக்கும் பெற்றோரிடம் எப்படிக் கேட்பது? புதிய மாணவர் ஒவ்வொருவரையும் முதல் இரண்டு வாரத்துக்குள் ஆலோசகர் அழைத்துப் பேசுவதைப் பல்கலைக்கழகங்கள் கட்டாயமாக்க வேண்டும்.

அதுவரை, தம்பி தங்கைகளே, பாடம் மாற்றும் கெடு முடிவதற்குள் நீங்களே போய்க் கேளுங்கள். கேட்பது அவமானமில்லை, கேட்காமல் ஒரு தவணையை இழப்பதுதான் நட்டம்.