துப்பாக்கியை வைத்த பிறகு

நம் கழக விழா மேடைகளில் டத்தோ ராசம்மா பூபாலனின் பெயர் ஒலிக்கிறது என்றால் அது பெரும்பாலும் ஒரே காரணத்துக்காகத்தான். 1927-இல் ஈப்போவில் பிறந்தவர். பதினாறு வயதில் நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து பர்மா வரை சென்றவர். கைத்தட்டல் முடிந்ததும் அடுத்த அங்கத்துக்குப் போய்விடுவோம். அதற்குப் பிந்தைய அரை நூற்றாண்டை யாரும் பேசுவதில்லை. எனக்கென்னவோ அந்த அரை நூற்றாண்டுதான் பெரியதாகத் தெரிகிறது.

போருக்குப் பின் அவர் ஆசிரியை ஆனார். அந்நாளில் ஒரே பாடத்தை ஒரே தகுதியோடு போதித்தாலும் ஆசிரியைக்கு ஆசிரியரை விடச் சம்பளம் குறைவு. 'ஆண்தானே குடும்பத்தைக் காப்பாற்றுகிறான்' என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். அதைவிடக் கொடுமை, அரசுப் பணியில் இருந்த பெண் திருமணம் செய்துகொண்டால் நிரந்தரப் பணியும் ஓய்வூதிய உரிமையும் பறிபோகும். தாலி ஏறினால் வேலை தற்காலிகம்! இதை எதிர்த்து 1960-இல் பெண் ஆசிரியர் சங்கத்தைத் தோற்றுவித்து அதன் முதல் தலைவராகவும் இருந்தார் ராசம்மா. பின்னர், பல இன மகளிர் அமைப்புகளை ஒன்றிணைத்த தேசிய மகளிர் மன்றத்திலும் முன்னின்று உழைத்தார். கூட்டம், மகஜர், பேச்சுவார்த்தை, மீண்டும் கூட்டம். அறுபதுகளின் இறுதியில்தான் சம ஊதியம் என்ற கொள்கையை அரசு ஏற்றது. அதுவும் படிப்படியாகத்தான் நடைமுறைக்கு வந்தது.

இன்று நம் தமிழ்ப்பள்ளிகளில் பாடம் நடத்துவோரில் பெரும்பாலோர் ஆசிரியைகள். எனக்கு 'அ' எழுதக் கற்றுக் கொடுத்தவரும் ஓர் ஆசிரியைதான். திருமணமானவர், பிள்ளைகள் உள்ளவர். அவருடைய சம்பளச் சீட்டில் இந்தப் போராட்டம் இருக்கிறது. பர்மாப் போர்முனை அதில் இல்லை.

1969 முதல் 1982 வரை கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் முதல்வராக இருந்தவர், ஓய்வுக்குப் பிறகும் வீட்டில் அமரவில்லை. ஜாலான் ஹங் ஜெபாட்டில் உள்ள ஒய்.டபிள்யூ.சி.ஏ. எனும் கிறிஸ்துவ இளம்பெண்கள் சங்கத்தில், படிப்பைத் தொடர முடியாத ஏழைப் பெண்களுக்கான தொழிற்பயிற்சி நிலையத்தை உருவாக்கினார். தையல், கேக் தயாரிப்பு, சிகை அலங்காரம் என்று கைத்தொழில்கள். நான் கிள்ளான்காரி. எஸ்.பி.எம். தேர்வோடு தொழிற்சாலைக்குப் போன தோட்டத்துத் தோழிகள் எனக்கு உண்டு. அப்படி ஒரு கதவு இருப்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியது நம்மைப் போன்ற கழகங்கள் இல்லையா?

நாம் ஏன் சொல்வதில்லை? அவர் ஆங்கிலக் கல்வி கற்றவர், மெதடிஸ்ட் கிறிஸ்துவர், அவருடைய சங்கங்களில் மலாய்க்காரரும் சீனரும் இருந்தனர். 'அவர் தமிழுக்கு என்ன செய்தார்?' என்று நம்மவர் கேட்பதை என் காதால் கேட்டிருக்கிறேன். தமிழ்ப் பெண்ணின் சோற்றுக்கு வழி செய்தது தமிழுக்குச் செய்ததில் சேராதாம்! தேவாலயத்தில் பழகிய தொண்டு என்பதால் அது 'அவர்கள்' வேலை என்று ஒதுக்கிவிடுகிறோம். பிரிக்பீல்ட்ஸில் கோயிலும் தேவாலயமும் விகாரமும் நடந்து போகும் தூரத்தில்தான் இருக்கின்றன. நம் மனத்தில்தான் அந்தத் தூரம் அதிகம்.

அருணா கோபிநாத் எழுதிய அவரது வாழ்க்கை வரலாற்றைத் தேசிய ஆவணக் காப்பகம் 2007-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டது. அதைத் தமிழாக்கும் பணியை மொழிக் கழகங்கள் கையில் எடுக்கலாம்.

இன்னொன்று. நம் செயலவையில் பெண்கள் பாதிக்கும் மேல். குத்துவிளக்கு, கோலம், வரவேற்பு, கூட்டக் குறிப்பு எல்லாம் நாங்கள்தான். அடுத்த தவணைத் தலைவர் பதவிக்கு இதுவரை மனுத்தாக்கல் செய்த இருவரும் ஆண்கள். மனுப் பாரம் வாங்க இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, தோழியரே.