பேப்பர் வாயை மூடினால் வதந்தி வாய் திறக்கும்!

"எமர்ஜென்சியில ரயிலெல்லாம் நேரத்துக்கு ஓடுச்சு. பத்திரிகைக்காரங்க வாயைக் கட்டினாத்தான் நாடு உருப்படும்" என்று சொல்லும் பெரியவர்கள் இன்றும் பல வீடுகளில் இருக்கிறார்கள். ரயில் ஓடியது சரி, உண்மை ஓடியதா?

1975 ஜூன் 25 இரவு, டெல்லியில் பல பத்திரிகை அலுவலகங்களுக்கு மின்சாரத்தையே துண்டித்தார்கள். பிறகு வந்தது தணிக்கை. 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' தலையங்கம் வரும் இடத்தை வெறுமையாக விட்டு எதிர்ப்பைக் காட்டியது.

பேப்பரில் வராவிட்டால் ஜனங்கள் பேசாமல் இருப்பார்களா? 1976-77ல் நாடு முழுக்க 80 லட்சம் பேருக்கு மேல் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் நடந்தது. வட மாநிலங்களில் பலரைக் கட்டாயப்படுத்திய கொடுமையைப் பத்திரிகைகளால் எழுத முடியவில்லை. உடனே கிளம்பியது வதந்தி: "ஸ்கூல்ல தடுப்பூசின்னு சொல்லி பிள்ளைங்களுக்கும் கருத்தடை பண்றாங்களாம்!" பயந்துபோன பெற்றோர் பலர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை.

அந்தத் தாய்மார்களைக் குறை சொல்ல முடியுமா? பெரியவர்களுக்கு நடந்தது நிஜம். அதை மறைத்த அரசு, 'இது பொய்' என்று சொன்னால் மட்டும் யார் நம்புவார்கள்?

பத்திரிகைகளும் தப்பு செய்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பேப்பர் பொய் எழுதினால் மறுப்புப் போடச் சொல்லலாம், வழக்குப் போடலாம். வதந்தி மேல் யார் வழக்குப் போடுவது?

சகோதரிகளே, அடுத்த தடவை யாராவது எமர்ஜென்சிக்கு ஏங்கினால், அந்தத் தாய்மார்களை ஞாபகப்படுத்துங்கள்.

- ஒரு வாசகி, திருச்சி.