வெல்டிங் வைத்த பட்டை. அதன்மேல் ஆறு பேர்!

"டமார்!"

குண்டு அல்ல. டயரும் வெடிக்கவில்லை. எங்கள் வீட்டு அம்பாசடர் காரின் பின்பக்க ஸ்பிரிங் பட்டை முறிந்த சத்தம் அது.

காரில் இருந்தது ஆறு பேர். நான், என் மனைவி, அம்மா, சித்தப்பா, அத்தை, மச்சான் பையன். டிக்கியில் இரண்டு பெட்டி, தாம்பூலப் பை, ஒரு வாழைத்தார். காஞ்சீபுரத்தில் கல்யாணம் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். அத்தையை இறக்கிவிடப் போரூரில் ஓர் உள்தெருவுக்குள் திரும்பினேன். தெரு விளக்கு எரியவில்லை. நடுவில் ஒரு வேகத்தடை. வெள்ளைக் கோடு கிடையாது, பலகையும் கிடையாது. கார் ஏறி இறங்கியது. அவ்வளவுதான்!

"ஒண்ணும் இல்லப்பா, அம்பாசடர்னா அப்படித்தான் சத்தம் போடும். நீ ஓட்டு" என்றார் சித்தப்பா.

பெரியவர் பேச்சைத் தட்டாமல் நானும் ஓட்டினேன். இரண்டு தெரு தாண்டியிருப்போம். "மாமா, நிறுத்துங்க! டயர் கருகுற நாத்தம் வருது!" என்று பையன் கத்தினான்.

இறங்கிப் பார்த்தால் அடிவயிறு கலங்கிவிட்டது. இடது பின்பக்கம் தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கிறது. சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. நாலு விரல் அளவு பின்னால் தள்ளிப் போய், பாடித் தகட்டில் டயர் உரசி, ரப்பர் சீவிச் சீவி வந்திருக்கிறது.

பத்து நிமிஷத்துக்கு முன்னால்தான் பெங்களூர் நெடுஞ்சாலையில் 70 கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருந்தோம். பக்கத்திலேயே கண்டெய்னர் லாரி. அங்கே முறிந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருப்பேனா என்பது சந்தேகம்தான்.

குற்றவாளி யார்?

அந்த வேகத்தடை என்றுதான் முதலில் நினைத்தேன். மறுநாள் காலை வரை திட்டிக்கொண்டும் இருந்தேன். ஆனால் உண்மைக் குற்றவாளி வேறு. அதில் எனக்கும் பங்கு உண்டு.

மூன்று மாதத்துக்கு முன்னாலேயே அந்தப் பட்டையில் விரிசல் விட்டிருந்தது. பக்கத்தில் உள்ள ஒரு பட்டறையில் காட்டினேன். "சார், புதுசு எதுக்கு? காசைக் கரியாக்காதீங்க. வெல்டிங் வச்சுத் தரேன், இன்னும் பத்து வருஷம் ஓடும்" என்றார் பட்டறைக்காரர். 800 ரூபாய். நான் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "சாயங்காலம் வண்டி கிடைச்சிடுமா?"

கிடைத்தது. மூன்று மாதம் ஓடியது. பிறகு மேலே சொன்ன கதை.

நம் ஊரில் இன்றும் எத்தனையோ வீட்டு வாசலில் அம்பாசடரும் பத்மினியும் நிற்கின்றன. அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. அப்படியென்றால் ஆகக் கடைசியாக வந்த வண்டிக்கே பத்து வயது தாண்டிவிட்டது. எங்கள் வண்டி அப்பா 1988இல் வாங்கியது. அதை விற்க எங்களுக்கு மனசு இல்லை. விற்கச் சொல்லி நான் யாருக்கும் உபதேசம் செய்யவும் வரவில்லை. ஆனால் பின்பட்டையில் வெல்டிங் வைக்காதீர்கள். வைக்கவே வைக்காதீர்கள்!

ஏன் இத்தனை அழுத்திச் சொல்கிறேன் என்றால், பலரும் நினைப்பது போல அந்தப் பட்டை வெறும் மெத்தை அல்ல. குலுக்கல் தெரியாமல் இருக்க வைத்த சாமான் என்று நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். புதுப்பேட்டையில் ஒரு பெரியவர்தான் என் கண்ணைத் திறந்துவிட்டார்.

பாய் சொன்ன பாடம்

முறிந்த பட்டையைத் தூக்கிக்கொண்டு புதுப்பேட்டைக்குப் போனேன். ஸ்பிரிங் வேலையிலேயே தலை நரைத்துப்போன பாய் ஒருவர். துண்டைக் கையில் வாங்கி, முறிந்த முகத்தை வெளிச்சத்தில் காட்டினார்.

"தம்பி, இதைப் பாருங்க. பாதி கருப்பா துருப்பிடிச்சு இருக்குதா? மீதி பளபளன்னு இருக்குதா? கருப்பு பழைய விரிசல். பளபளப்பு நேத்து முறிஞ்சது. நேத்து வரைக்கும் இந்தப் பாதியிலதான் உங்க குடும்பம் உக்காந்து போயிருக்கு."

எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

"முறிஞ்ச இடத்தைப் பாருங்க. வெல்டிங் மேலேயா முறிஞ்சிருக்கு? இல்லை. வெல்டிங்குக்கு ஒட்டினாப்ல பக்கத்துல. எப்பவும் அங்கேதான் முறியும்" என்றார்.

காரணம் லேசானதுதான். பட்டை சாதா இரும்பு அல்ல, கரி கூடுதலாக உள்ள எஃகு. செக்கச் சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் அமிழ்த்தி, மறுபடி அளவாகச் சூடு காட்டிப் பதம் வைத்தது. அந்தப் பதத்தினால்தான் அது வளைகிறது, வளைந்து மறுபடி நிமிர்கிறது. வெல்டிங் நெருப்பு பட்டதும் அந்தப் பதம் கெட்டுப்போகிறது. வெல்டிங்குக்கு ஒட்டிய இடம் திடீரெனச் சூடாகித் திடீரெனக் குளிர்ந்து கண்ணாடி மாதிரி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். கொஞ்சம் தள்ளியுள்ள இடம் இளகிப்போகும். மேலே பார்த்தால் பெயிண்ட் அடித்து அழகாக இருக்கும்!

அது தாங்குவது பாரத்தை மட்டுமா? அம்பாசடரிலும் பத்மினியிலும் பின் அச்சைப் பிடித்து வைத்திருப்பதே இந்தப் பட்டைகள்தான். மெயின் பட்டையின் இரண்டு முனையிலும் வட்டமாகச் சுருட்டிய கண்ணு உண்டு. முன்கண்ணு காரின் அடியில் அசையாமல் மாட்டியிருக்கும். பின்கண்ணு ஷாக்கிளில் ஆடும். நடுவில் யூ போல்ட் போட்டு அச்சை இறுக்கியிருப்பார்கள். சக்கரம் சுழன்று காரைத் தள்ளும்போது அந்தத் தள்ளலும், பிரேக் போடும்போது அந்த இழுப்பும் முன்கண்ணு வழியாகத்தான் காருக்குப் போகிறது. அந்தக் கண்ணுக்குப் பக்கத்தில் மெயின் பட்டை முறிந்தால் அச்சைப் பிடிக்க ஆள் இல்லை! ஒரு பக்கம் அச்சு பின்னால் நகரும். கார் நண்டு மாதிரி சாய்ந்து ஓடும். டயர் பாடியில் உரசும். பிரேக் ஹோசும் ஹேண்ட் பிரேக் கம்பியும் இழுபடும். வேகத்தில் போகும்போது இது நடந்தால் ஸ்டீயரிங் யார் கையில் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

கீழே உள்ள சின்னப் பட்டைகளில் ஒன்று முறிந்தால் உடனே இவ்வளவு விபரீதம் வராது. அதுதான் நம்மை ஏமாற்றுகிறது. "ஓடுதே" என்று விட்டுவிடுகிறோம். முறிந்த பட்டையின் பாரமும் மெயின் பட்டையின் தலையில் விழுகிறது. அப்புறம் அதுவும் போகிறது.

வேகத்தடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை

வெல்டிங் குற்றவாளி என்றால் வேகத்தடை அதற்குத் துணை போனது. அதையும் விட்டுவிட முடியாது. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1988இலேயே அளவு சொல்லியிருக்கிறது. 10 சென்டிமீட்டர் உயரம், ஆனால் 3.7 மீட்டர் அகலத்துக்குப் பரந்து, மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும். 25 கிலோமீட்டர் வேகத்தில் சுகமாகத் தாண்டலாம். 40 மீட்டருக்கு முன்னாலேயே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். கோடு அடிக்க வேண்டும்.

நம் தெருக்களில் இருப்பது என்ன? தெருக்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு முழ அகலத்தில் சிமெண்டைக் கொட்டி வைத்த திண்ணை! அதில் ஏறினால் பட்டை மட்டுமா, இடுப்பும்தான் போகும். என் அம்மாவுக்கு இன்னும் இடுப்பில் பற்றுப் போட்டுக்கொண்டிருக்கிறோம். மாநகராட்சி இந்தத் திண்ணைகளை இடிக்கட்டும், இல்லையென்றால் ஒரு டின் வெள்ளைப் பெயிண்டாவது வாங்கட்டும்.

இன்னொரு சங்கதி. பதினைந்து வருஷம் ஆன காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணத்தை 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கினார்கள். இருபது வருஷம் தாண்டிய காருக்கு 2025இல் 10,000 ஆக்கினார்கள். சரி, கட்டுகிறோம். இவ்வளவு வாங்கும்போது, சோதனை செய்கிறவர் விளக்கையும் ஹாரனையும் பார்த்ததோடு நிற்காமல் டார்ச் லைட்டோடு காருக்கு அடியிலும் ஒரு தடவை குனிந்து பார்க்க வேண்டும். பட்டையில் வெல்டிங் தெரிந்தால் மாற்றிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பட்டும். கிழட்டுக் காரை எல்லாம் எடைக்குப் போடு என்று சொல்வதைவிட இது நியாயமான வேலை.

காசு இல்லையே என்பீர்கள். எனக்கு ஆனதைச் சொல்கிறேன். இரண்டு பக்கமும் புதுப் பட்டை, புஷ், யூ போல்ட், சென்டர் போல்ட், கூலி எல்லாம் சேர்ந்து 11,000 ரூபாய். "இடது பக்கம் மட்டும் போடுங்க பாய்" என்று கேட்டுப் பார்த்தேன். மறுத்துவிட்டார். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் தளர்ந்தது என்றால் வண்டி சாய்ந்து நிற்கும். பிரேக் போட்டால் இழுக்கும் என்றார். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி இறுக்க வரச் சொன்னார். போய் வந்தேன். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் பட்டை கிடைக்காதவர்கள் கவலைப்பட வேண்டாம். பழையதை மாதிரி காட்டினால் அதே அளவில் புதிதாக அடித்துக் கொடுக்கிற ஸ்பிரிங் பட்டறைகள் உண்டு.

வீட்டிலேயே பார்க்கலாம். சம தரையில் காரை நிறுத்துங்கள், ஆள் யாரும் உட்கார வேண்டாம். தையல்கார டேப்பை எடுத்து, பின்சக்கரத்தின் நடுவிலிருந்து மேல் வளைவுத் தகடு வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் இருந்தால் உடனே மெக்கானிக்கைப் பாருங்கள். டார்ச் அடித்துப் பட்டை நெடுக விரிசல், துருக்கோடு, புதுப் பெயிண்ட் ஏதாவது உண்டா என்றும் பாருங்கள். ஜாக்கி மட்டும் போட்டுவிட்டு அடியில் புகுந்துவிடாதீர்கள். அது பட்டை முறிவதைவிட ஆபத்து.

சுருள் ஸ்பிரிங் வைத்த கார்க்காரர்களும் சிரிக்க வேண்டாம். அடிச்சுற்று துருவேறி முறிந்தால் அந்தக் கூர்முனை டயரையே கிழித்துவிடும். அதற்கும் வெல்டிங் ஆகாது.

முறிந்த துண்டை எடைக்குப் போடலாம் என்றுதான் இருந்தேன். "அரிவாள் அடிக்கிறவன் கண்ணுல பட்டா விடமாட்டான் தம்பி, அவ்வளவு நல்ல எஃகு" என்று பாய் சிரித்தார். ஆனால் நான் கொடுக்கவில்லை. எனக்கு வெல்டிங் வைத்துக் கொடுத்த பட்டறைக்கு அதைக் கையோடு கொண்டுபோனேன்.

சண்டை போடத்தான் போனேன். வாசலில் ஒரு பழைய பத்மினி நின்றது. அடியிலிருந்து பொறி பறந்துகொண்டிருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவர் காரின் சொந்தக்காரர். "என்ன சார் வேலை நடக்குது?" என்று கேட்டேன்.

"பட்டை விட்டுப்போச்சு சார். நாளைக்குக் காலையில பேத்திக்குக் காது குத்து, திருத்தணி போகணும். சாயங்காலம் தந்துடறேன்னு சொல்லியிருக்காரு."

என் கையில் இருந்த துண்டை அவரிடம் நீட்டினேன்.