கருங்காலி என்ற சொல்

மில் தொழிலாளிக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. ஸ்டிரைக் நடக்கும்போது போலீஸ் காவலுடன் பின்வாசல் வழியாக உள்ளே போகிறானே, அவனுக்குப் பெயர் கருங்காலி. ஸ்டிரைக் முடிந்து பத்து வருஷம் ஆனாலும் அந்தப் பெயர் போகாது. அவன் பிள்ளையின் மேலும் ஒட்டிக்கொள்ளும். ஆகவே நாம் இந்தச் சொல்லை யார் மீதும் லேசாக வீசுவதில்லை.

1968 அக்டோபரில், சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் கமிட்டி இந்தச் சொல்லை ஒரு மனிதர் மீது வீசியது. ஓடுகாலி, துரோகி, கருங்காலி என்று மூன்று பட்டங்களைச் சூட்டி, அவரைக் கட்சியிலிருந்து நிரந்தரமாக வெளியேற்றித் தீர்மானம் போட்டது. அந்த மனிதர் லியூ ஷாவ் சி. 1959 முதல் சீன மக்கள் குடியரசின் தலைவராக இருந்தவர்.

இவர் எப்படிப்பட்ட கருங்காலி என்பதை நமது வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கியாங்சி மாகாணத்தில் அன்யுவான் என்று ஒரு நிலக்கரிச் சுரங்கம். 1922 செப்டம்பர் 14-ந் தேதி அங்கே சுரங்கத் தொழிலாளரும் ரயில்வேத் தொழிலாளருமாக 13,000 பேருக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி பாக்கியைக் கொடு, எங்கள் சங்கத்தை அங்கீகரி என்பது கோரிக்கை. நிர்வாகம் ராணுவத்தை வரவழைத்தது. பேச்சுவார்த்தைக்குத் தொழிலாளர் தரப்பில் போனவர் 24 வயதுகூட நிரம்பாத லியூ ஷாவ் சி. அவரை ராணுவம் ஏதாவது செய்துவிடுமோ என்று தொழிலாளர்கள் வெளியே ஆயிரக்கணக்கில் திரண்டு நின்றார்கள். ஐந்தாம் நாள் நிர்வாகம் பணிந்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. ஒரு உயிர்கூடப் போகவில்லை. சீனத் தொழிலாளி வர்க்கத்தின் பெருமைக்குரிய வெற்றிகளில் இது ஒன்று.

1929-ல் முக்டென் நகரில் ஒரு நூல் மில்லின் வாசலில் அவரைப் போலீஸ் பிடித்தது. மில் தொழிலாளர் போராட்டத்தை நேரில் பார்த்து வழிகாட்டப் போனபோதுதான் பிடிபட்டார். விசாரணையில் எதிரிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, வெளியே வந்துவிட்டார். 38 வருஷம் கழித்து, “அன்று எப்படி வெளியே வந்தாய்? காட்டிக் கொடுத்துத்தானே!” என்று கேட்டார்கள். எதிரி கேட்கவில்லை, சொந்தக் கட்சியின் விசாரணைக் குழு கேட்டது. அன்று அவருடன் கைதான தோழரைப் பிடித்து, நாள் கணக்கில் தூங்கவிடாமல் விசாரித்து, வேண்டியபடி எழுதி வாங்கினார்கள். அவர் அதை மறுத்து மீண்டும் மீண்டும் எழுதினார். அந்த மறுப்புகள் மத்தியக் கமிட்டியின் முன்னால் வைக்கப்படவே இல்லை.

மில் வாசலில் கைதானதே குற்றமாகிவிட்டது! நம்மில் எத்தனை பேர் மில் வாசலில் கைதானவர்கள்?

1967 முதல் அவர் தன் வீட்டிலேயே காவலில் வைக்கப்பட்டார். கூட்டத்தின் நடுவே நிறுத்தி அடித்தார்கள். அரசியல் சட்டப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தன் உரிமையைக் கேட்டார், கேட்பாரில்லை. அவரது துணைவியார் வாங் குவாங் மெய்யைச் சிறையில் அடைத்தார்கள். பத்து வருஷத்துக்கு மேல் அவர் உள்ளே இருந்தார். நோயாளியான லியூவை 1969 அக்டோபரில் கைபெங் நகருக்குத் தூக்கிச் சென்றார்கள். அங்கே நவம்பர் 12-ந் தேதி இறந்தார். வேறு ஒரு பெயரில், வேலையில்லாதவர் என்று பதிவு செய்து எரித்தார்கள். குடும்பத்துக்குத் தகவல் இல்லை. கோர்ட் இல்லை, குற்றப்பத்திரிகை இல்லை, தீர்ப்பும் இல்லை. அன்யுவானில் அவரோடு தலைமை தாங்கிய லி லி சான், மக்கள் குடியரசின் முதல் தொழிலாளர் மந்திரி. சர்க்கார் ஆலையிலும் சங்கம் தொழிலாளியின் தரப்பைப் பேச வேண்டும் என்று வாதாடியதற்காக 1951-லேயே கண்டிக்கப்பட்டவர். அவரும் 1967 ஜூனில் துன்புறுத்தல்களுக்கிடையே மாண்டார். அன்யுவான் ஸ்டிரைக்கின் இரண்டு தலைவர்களையும், சுரங்க முதலாளி செய்ய முடியாததை, இப்படிச் செய்து முடித்தார்கள். அதே வருஷத்தில் மா சே துங் தன்னந்தனியாக அன்யுவானுக்கு நடந்து போவதாக ஒரு படம் வரையப்பட்டு, கோடிக்கணக்கில் அச்சாகி வீடுதோறும் தொங்கியது. மா சே துங் அன்யுவானுக்குப் போனது உண்மைதான். ஆனால் மற்ற இருவரை அந்தச் சுவரிலிருந்து இறக்கியதற்கு வர்ணம் பூசிய காரணம் அது.

லியூவை ஒரு புனிதராக்க நாம் எழுதவில்லை. இனி சொல்லப்போவது அவரது ஆதரவாளர்களுக்குக் கசக்கும்.

1957-ல் ‘வலதுசாரிகளை’ எதிர்க்கும் இயக்கம் வந்தது. கட்சியை விமர்சிக்க வாருங்கள் என்று முதலில் அழைத்தார்கள். வந்து பேசியவர்கள் மீது பிறகு முத்திரை குத்தினார்கள். ஐந்தரை லட்சம் பேருக்கு இந்த முத்திரை விழுந்தது. ஆசிரியர்கள், எஞ்சினியர்கள், எழுத்தாளர்கள், கட்சி ஊழியர்கள் என்று எல்லோரும் அதில் இருந்தார்கள். அந்த ஆகஸ்டில் ‘உழைப்பின் மூலம் மறுகல்வி’ என்ற ஏற்பாடு சட்டமாயிற்று. கோர்ட் விசாரணை இல்லாமலே ஒருவரை முகாமுக்கு அனுப்பலாம். எத்தனை காலம் என்று கணக்கும் அதில் இல்லை. யார் யாரை அனுப்பலாம் என்ற பட்டியலைப் பார்த்தால் நமக்குத் தூக்கிவாரிப் போடுகிறது: ஒதுக்கிய வேலைக்கும் இடமாற்றத்துக்கும் கீழ்ப்படியாமல் ஓயாது தகராறு செய்கிறவர்களும் அதில் உண்டு! நமது மில்களில் மானேஜரிடம் அப்படி ஒரு அதிகாரம் இருந்தால் எந்தச் சங்கக்காரன் வீட்டில் படுத்திருப்பான்?

இந்த ஏற்பாட்டுக்கு ஒப்புதல் தந்தது தேசிய மக்கள் காங்கிரசின் நிலைக்குழு. அன்றைக்கு அந்தக் குழுவின் தலைவர் லியூ ஷாவ் சி! விசாரணையில்லாமல் அடைக்கும் கதவைத் திறந்து வைத்தவர்களில் அவரும் ஒருவர். பத்து வருஷத்துக்குப் பின் அதே வகைக் கதவு அவரையும் விழுங்கியது.

அந்த முகாம்களில் ஒன்றின் பெயர் ஜியாபியாங்கோ. கான்சு மாகாணத்தில் பாலைவன ஓரம், உப்புப் பூத்த மண். பயிர் ஏறாத மண் எப்படி இருக்கும் என்று விவசாயத் தொழிலாளிக்குச் சொல்ல வேண்டாம். அந்த மண்ணைத் திருத்த வேண்டுமென்று, மண்வெட்டி பிடித்துப் பழகாதவர்களைக் கால்வாய் வெட்ட விட்டார்கள். போனவர்கள் ஏறத்தாழ 3,000 பேர். 1960-ல் உணவு அடியோடு குறைந்தது. குளிர்காலத்தில் பள்ளங்களில் குடியிருந்து, புல் விதையைத் தின்று, ஒருவர் பின் ஒருவராகச் செத்தார்கள். 1961-ல் முகாமைக் கலைத்தபோது உயிரோடு திரும்பியவர்கள் சில நூறு பேர்தான்.

வெளியே கிராமங்களும் பட்டினி கிடந்தன. 1961-ல் லியூ ஷாவ் சி ஹூனானில் தன் சொந்த ஊருக்குப் போய் வாரக்கணக்கில் தங்கிக் கண்ணால் பார்த்தார். பொதுச் சமையல் கூடங்களைக் கலைக்கச் சொன்னார். இயற்கையால் வந்த கேடு மூன்று பங்கு, மனிதர் செய்த கேடு ஏழு பங்கு என்று விவசாயிகள் சொல்வதை 1962 ஜனவரியில், 7,000 ஊழியர்கள் கூடிய மாநாட்டில் எடுத்து வைத்தார். விவசாயி சொன்னதை மேடையில் சொன்னார். அதற்கான விலையைப் பின்னால் கொடுத்தார் என்பது எமது அபிப்பிராயம்.

“இதையெல்லாம் நமது பத்திரிகையில் எழுதலாமா? எதிரிக்கு ஆயுதம் கொடுப்பதாகாதா?” என்று சில தோழர்கள் கேட்பார்கள். முதலாளி வர்க்கப் பத்திரிகைகள் இதை ஊதிப் பெருக்கி, செங்கொடியே குற்றவாளி என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கின்றன. அவர்களின் கண்ணீரை நாம் நம்பவில்லை. 1950 பிப்ரவரி 11-ந் தேதி சேலம் ஜெயிலில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேரைச் சுட்டுக் கொன்றார்களே, அன்று அந்தப் பேனாக்கள் எங்கே போயின? ஆனால் சேலத்தை நினைப்பதனால்தான் நாம் எழுத வேண்டியிருக்கிறது. அதே 1950-ல், விசாரணையில்லாமல் ஒருவனைச் சிறை வைப்பது செல்லுமா என்று சென்னைச் சர்க்காருக்கு எதிராகத் தோழர் ஏ. கே. கோபாலன் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். விசாரணையில்லாச் சிறை கூடாது என்ற அந்தக் கோரிக்கை நமது இயக்கத்தின் கோரிக்கை. வேலூரில் கூடாதென்றது கான்சுவில் கூடும் என்று எந்த வாயால் சொல்வது? வலதுசாரி என்ற முத்திரையை அன்று விசாரிக்காமல் ஒப்புக்கொண்டவர்கள் நமது அணியில் நிறையப் பேர் இருந்தார்கள். உண்மையை நாம் மறைத்தால், அதை எதிரி தன் வசதிக்கு வெட்டி ஒட்டிச் சொல்லுவான். அதற்குப் பிறகு ஆலை வாசலில் நாம் சொல்லும் எதையும் தொழிலாளி பாதி காதோடுதான் கேட்பான்.

சீனக் கட்சியே பிறகு ஒப்புக்கொண்டது. 1978 முதல் ‘வலதுசாரி’ முத்திரைகள் மறுபரிசீலனைக்கு வந்தன. மிகப் பெரும்பாலானவை தவறு என்று நீக்கப்பட்டன. 1980 பிப்ரவரியில் லியூ ஷாவ் சி மீதான தீர்மானத்தை மத்தியக் கமிட்டி ரத்து செய்தது. மே மாதம் அவரது அஸ்தியைச் சிங்தாவ் அருகே கடலில் தூவினார்கள். 1957 இயக்கம் அளவுக்கு மீறி விரிந்துவிட்டது என்று 1981 தீர்மானம் கூறியது. இயக்கமே தவறு என்று கூறவில்லை. செத்துப் போனவன் வீட்டில் இந்த வித்தியாசம் எப்படிப் படும் என்று கமிட்டி யோசித்திருக்கலாம். ‘மறுகல்வி’ ஏற்பாடு 2013 டிசம்பர் வரை உயிரோடிருந்தது, 56 வருஷம்!

அது போன பிறகும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 1975 அரசியல் சட்டத்தில் வேலைநிறுத்த உரிமை எழுதியிருந்தது. 1982-ல் அதை எடுத்துவிட்டார்கள். 2018 ஜூலையில் ஷென்சென் பகுதியில், வெல்டிங் யந்திரம் செய்யும் ஜாசிக் ஆலைத் தொழிலாளர்கள் தங்களுக்கு ஒரு சங்கம் வேண்டுமென்றார்கள். சுமார் 30 பேர் கைதானார்கள். அவர்களுக்கு ஆதரவாக வந்த மாணவர்களில் பலர் சர்வகலாசாலைகளில் மார்க்சியம் படித்தவர்கள்; அவர்களையும் ஆகஸ்டில் போலீஸ் கூட்டமாக அள்ளிக்கொண்டு போயிற்று. இதற்கும் அன்யுவானில் கேட்டதற்கும் என்ன வித்தியாசம் என்று எமக்குப் புரியவில்லை. இதை வாய்விட்டுக் கேட்கிற உரிமை எமக்கு உண்டு, கேட்கிறோம்.

1968 அக்டோபர் கூட்டத்துக்கு வருவோம். லியூவை வெளியேற்றும் தீர்மானத்துக்குக் கை தூக்கச் சொன்னார்கள். மண்டபமெங்கும் கைகள் உயர்ந்தன. ஒரு பெண் மட்டும் கை தூக்கவில்லை. மேஜைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டார். அவர் பெயர் சென் ஷாவ் மின், சீன நெசவாலைத் தொழிலாளர் சங்கத்துக்குத் தலைமை தாங்கியவர். கருங்காலி யார் என்று மில் சங்கத்தில் இருந்தவருக்குத் தெரிந்திருந்தது. தீர்மானம் ரத்தாகிற வரை அவர் உயிரோடிருக்கவில்லை, 1977-ல் காலமானார்.